அறையைக் கழித்தால் மிஞ்சுவது

இடுப்புக்கு மேலே இடது பக்கம் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுத்தது. மண் ரோட்டில் ஜீப்பு நின்ற இடத்திலிருந்து ஸ்டோர் வரை நல்ல ஏற்றம். அந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை ஒரு பக்கம் யோகராஜும் மறுபக்கம் ஜக்கையனும் பிடித்து, வழுக்குகிற சருகில் காலூன்றி, மூச்சு வாங்க மேலே கொண்டுவந்து இறக்கியபோது யோகராஜால் நிமிர முடியவில்லை. இந்த மலையில் ஏலக்காய் மூட்டை சுமந்து வளர்ந்த முதுகுதான். போடியில் கடை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்க்க ஆரம்பித்ததும் அது சுமையை மறந்துவிட்டது. முதுகுக்கு நன்றி கிடையாது.

கையை இடுப்பில் ஊன்றியபடியே உள்ளே போனான். ஜன்னல் இல்லாத கருங்கல் கட்டடம். சுவரை மறைத்துப் புதுப் பலகை அடித்திருந்தார்கள், தரை முழுக்கக் கம்பளம், மேலே மஞ்சள் விளக்குகள். வார்னிஷ் நெடி கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில், எத்தனை பூச்சுப் பூசினாலும் போகாத பச்சை ஏலக்காய் வாசம்.

புது அறைக்குள் போனால் முதல் வேலையாக ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து ஓங்கித் தட்டினால், அது சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது, எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதில் அறையின் பாதிக் குணம் பிடிபட்டுவிடும். தட்டினான். பலகையும் கம்பளமும் சத்தத்தைச் சட்டென்று குடித்துக்கொண்டன. பரவாயில்லை, பெரிய சோலி இல்லை என்று நினைத்தபடி குனிந்து பெட்டியைத் திறந்தான்.

அப்போது மூலையிலிருந்து ஒரு தட்டு வந்தது.

எதிரொலி இல்லை. எதிரொலி இவ்வளவு தாமதிக்காது. இது யோசித்துவிட்டு வந்தது. மெதுவாக, ஈரக் கையால் தட்டியது போல.

"கை தட்டாதீங்க மாப்ளே."

ஜக்கையன் வாசலுக்கு வெளியே நின்றார். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டதோடு சரி, நிலையைத் தாண்டி ஒரு கால் எடுத்து வைக்கவில்லை.

"என்ன மச்சான், ஸ்டோர்ப் பழக்கம் இன்னும் விடலையா? இப்ப இது மியூசிக் ஹாலு. நாளைக்கு ஒங்க முதலாளியோட விருந்தாளிக இங்க ஒக்காந்து கை தட்டத்தான் போறாக."

"அது நாளைக்கு. இன்னைக்கு வேணாம்."

சிரிக்காமல்தான் சொன்னார். யோகராஜுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பச்சை ஏலக்காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அடுக்கடுக்காக ஏற்றி, கதவை அடைத்து, வெளியே அடுப்பு மூட்டித் தரையோடு ஓடும் இரும்புக் குழாயைக் காய வைத்து உலர்த்துகிற கட்டடத்துக்குத்தான் இந்த மலையில் ஸ்டோர் என்று பேர். உள்ளே வேகும் சூட்டில் மனுஷன் நிற்க முடியாது. அதனால் கதவை அடைக்கும் முன் ஒரு தட்டு தட்டுவார்கள். அடுக்குகளுக்கு நடுவே யாராவது காய் கிளறிக்கொண்டிருந்தால் திருப்பித் தட்ட வேண்டும். வாயால் கூப்பிட்டால் காய்க்குவியல் குரலை விழுங்கிவிடும், தட்டு மட்டும்தான் வெளியே கேட்கும். தட்டு வராவிட்டால் உள்ளே ஆள் இல்லை. அப்புறம் கொண்டி, அப்புறம் நெருப்பு.

இப்போது அந்த அடுப்பு வாயைச் செங்கல் வைத்துப் பூசி அடைத்திருந்தார்கள். பெட்டி தூக்கி வரும்போதே பார்த்தான். குழாயை மட்டும் பழசுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று கறுப்புப் பெயிண்ட் அடித்து சுவரோரம் விட்டிருந்தார்கள்.

ஜக்கையன், யோகராஜின் மனைவி ரேணுகாவின் அண்ணன், இந்த எஸ்டேட்டுக்கு மேனேஜர். அவர் வந்து கேட்டிராவிட்டால் யோகராஜ் இங்கே ஏறியிருக்க மாட்டான். அவன் தம்பி அருள்பாண்டி வேலை பார்த்தது இதே ஸ்டோரில்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், அறுவடை மும்முரத்தில், நல்ல காயாகப் பார்த்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் ஓடிவிட்டான் என்றார்கள். முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்தார். அத்தோடு தம்பி வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. வந்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள். ஜக்கையன்தான் அவ்வப்போது கட்டப்பனையில் பார்த்தேன், நெடுங்கண்டத்தில் பார்த்தேன், தாடி விட்டிருக்கான் என்று சேதி கொண்டுவருவார். தீபாவளிக்குத் தீபாவளி, தம்பி குடுத்துவிட்டான் என்று ஆத்தாளுக்கு ஒரு சேலையும் வரும். நல்லது கெட்டதுக்கு ஆத்தாள் அந்தச் சேலைகளைத்தான் கட்டுவாள். திருட்டுப் பய என்று யோகராஜ் திட்டும்போது முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

போன வாரம் ஜக்கையன் வீட்டுக்கு வந்து, சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "மொதலாளிகிட்டப் பேசிட்டேன். பழைய ஸ்டோர ஹாலா மாத்திட்டாரு, உள்ள சத்தம் சரியா நிக்கல. மதுரையில இருந்து வந்த ரெண்டு பேரு பாதியிலயே போயிட்டானுக. மாப்ள வந்து சரி பண்ணிக் குடுத்தா, தம்பி மேல குடுத்த கம்ப்ளெயிண்ட வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாரு. பொங்கலுக்கு ஒங்க மகன் வீட்டுல இருப்பான், ஆத்தா."

ஆத்தாள் அன்றைக்கே அருள்பாண்டியின் பழைய சட்டைகளை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

மதியம் தாண்டியதுமே மஞ்சு இறங்கிவிட்டது. வாசலுக்கு வெளியே இருந்த பலாமரம் முதலில் மங்கி, பிறகு இல்லாமலே போனது. யோகராஜ் ஸ்பீக்கர்களை நிறுத்தி, நடுவில் ஒரு கம்பியில் மைக்கை ஏற்றி, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

எந்த அறையும் பாட்டைச் சும்மா விடாது, தன் குரலையும் கலக்கும். ஒரு மூலையில் தவில் நெஞ்சில் இடிக்கும், நாலடி தள்ளி உட்கார்ந்தால் அதே தவில் செத்துக் கிடக்கும். அறையின் குரல் எது என்று பிரித்துப் பார்க்க, அடிவயிற்றில் தொடங்கி காது கூசும் கீச்சு வரை ஏறுகிற ஒரு நீண்ட ஊளையை ஸ்பீக்கரில் விட்டு, மைக்கில் பதிய வேண்டும். போன சத்தத்தையும் வந்த சத்தத்தையும் ஒப்பிட்டால் நடுவில் அறை செய்த வேலை தெரிந்துவிடும். அது எங்கே தூக்குகிறதோ அங்கே அமுக்கி, எங்கே விழுங்குகிறதோ அங்கே தூக்கி, நேர் எதிராக ஒரு கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குதான் ஃபில்டர். அதன் வழியாகப் பாட்டை விட்டால் சுவரே இல்லாத வெட்டவெளியில் கேட்பது போல இருக்கும். அறையைக் கழித்துவிடுவது என்று அவன் சொல்வான்.

முதல் ஊளையிலேயே கதவு நிலையில் தடதடவென்று ஆடியது. அது மைக்கில் ஏறிக் கணக்கைக் கெடுக்கும். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. ஸ்டோர்க் கதவுக்குக் கொண்டி வெளியேதான்.

"மச்சான், வெளிய கொண்டியப் போட்டுருங்க. கதவு அதிருது."

ஜக்கையனின் கை உடனே கொண்டிக்குப் போகவில்லை. "உள்ள தனியா இருந்துக்கிருவீங்களா?"

"ஏன், புலி கெடக்கா? போடுங்க மச்சான். நான் கூப்பிடுறப்பத் தெறங்க."

"இங்கனயேதான் நிக்கிறேன்."

கதவு சாத்தியது. இரும்புக் கொண்டி வளையத்தில் விழுந்து, ஒருமுறை துள்ளி, அடங்கியது. மஞ்சும் சில்வண்டுச் சத்தமும் தோட்டத்தில் பெண் ஆட்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடும் குரலும் கதவோடு நின்றுபோயின. காதுக்குள் தன் ரத்தம் ஓடுவது கேட்டது.

ஊளையைத் திரும்பத் திரும்ப விட்டான். ஒரு தடவை போதாது. பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். தற்செயலாக வந்த சத்தம், கூரைத் தகரத்தில் விழுந்த மழைத்துளியோ தூரத்து நாயோ, ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வருவது மட்டும் நிற்கும். நிற்பதுதான் அறை.

திரையில் கோடு உயர்ந்து, நடுங்கி, தேய்ந்து, தரையோடு படுத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இருக்கக் கூடாது.

இருந்தது. படுத்த கோட்டில் மேடுகள். மூன்று சேர்ந்து, ஒரு இடைவெளி, மறுபடியும் மூன்று. முதலில் சின்னதாக. அடுக்க அடுக்கப் பெரிதாக.

தட்டுகிற சத்தம். இரும்புக் குழாய் சூடேறினால் முறுக்கிக்கொண்டு தட்டும், அவனுக்குத் தெரியும். எழுந்து போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தான். யாரோ இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போன பெஞ்சு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துக் கைலியில் துடைத்தான். விளக்குச் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். விளக்கு மேலே இருந்தது, குழாய் கீழே.

"மச்சான்!"

"சொல்லுங்க மாப்ளே." குரல் கதவை ஒட்டி, தாழ்வாக வந்தது. காதைப் பலகையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் போலிருந்தது.

"உள்ள ஒரு சத்தம் வருது."

"தட்டுற சத்தம்தான? அத மட்டும் எடுத்துருங்க. அதுக்குத்தான் ஒங்களக் கூப்பிட்டதே."

யோகராஜ் கதவுப் பக்கம் திரும்பினான். "நான் என்ன சத்தம்னு இன்னும் சொல்லலையே மச்சான்."

மழை தகரத்தைத் தொட்டுவிட்டுப் போனது.

"மதுரக்காரனுக சொன்னானுக. ஒரே மாதிரி வார சத்தம்னா, அதுக்கு நேரெதிர்ச் சத்தத்த ஸ்பீக்கர்ல ஓட விட்டா ரெண்டும் சேந்து செத்துரும்னு. சொன்னானுக, ஆனா செய்யாமப் போயிட்டானுக. நீங்க செய்ங்க. நம்ம தம்பிக்காகத்தான."

செய்ய முடியும். மாறாமல் வருகிற எந்தச் சத்தத்துக்கும் அதன் தலைகீழை வார்த்துவிடலாம். ஆனால் வார்ப்பதற்கு முன் அந்தச் சத்தத்தைச் சுத்தமாகப் பிரித்து எடுக்க வேண்டும். அறையின் கலப்பு ஒரு துளி இருந்தாலும் எதிர்ச் சத்தம் பொருந்தாது. அவன் அதுவரை அடுக்கிய எல்லாப் பதிவுகளையும் எடுத்து, அறைக்காகப் போட்ட ஃபில்டரை அவற்றின் மேலேயே திருப்பினான். சுவரைக் கழித்தான். தகரத்தைக் கழித்தான். பலகையை, கம்பளத்தை, குழாயின் உள்வெறுமையை. ஹெட்போனைக் காதில் மாட்டினான்.

வார்னிஷ் நெடி எப்போது போனதென்று தெரியவில்லை. மூக்கு நிறையப் பச்சைக் காய் வேகிற வாசம், தொண்டையில் ஒட்டுகிற இனிப்பும் காரமும், அதன் பின்னால் ஈரத்துணி கருகுவது போல ஒன்று. நெற்றியில் வியர்வை திரண்டு புருவத்தில் தங்கியது. ஹெட்போனுக்குள் முதலில் நீராவி விடும் மெல்லிய இரைச்சல். பிறகு, கதவுக்கு வெளியே இருந்து வருவது போல, ஒரு தட்டு.

உள்ளே, மிக அருகில், திருப்பி ஒரு தட்டு.

வெளியே, கட்டடத்தின் மறுகோடியில் இருந்து ஒரு ஆள் கேட்டான்: "உள்ள ஆளு இருக்காண்ணே?" அடுப்பு மூட்டுகிறவனாக இருக்க வேண்டும்.

அதற்குப் பதில் சொன்ன குரலை யோகராஜுக்கு நன்றாகத் தெரியும். அவன் வீட்டில் சாப்பிட்ட குரல். பெண் பார்க்கப் போன அன்று தங்கச்சியக் கண் கலங்காம வச்சுக்கங்க மாப்ளே என்று சொன்ன குரல்.

"யாருமில்ல. பத்த வையி."

கொண்டி விழுந்தது. துள்ளியது. அடங்கியது.

திருப்பித் தட்டிய கை இன்னொரு தடவை தட்டியது, கேட்கவில்லையோ என்று. இன்னொரு தடவை. அப்புறம் மூன்று மூன்றாக. அப்புறம் குரல்.

"மச்சான். ஜக்கையன் மச்சான். உள்ள இருக்கேன். தட்டுனேன்ல."

தாடி விட்ட குரல் இல்லை. கட்டப்பனையில் நாலு வருஷம் திரிந்த குரல் இல்லை. மூட்டை இறக்கும்போது கீழே இருந்து கயிற்றை விடச் சொல்கிற அதே குரல்.

"மூட்டய நீங்க ஏத்துனத நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மச்சான். எங்கண்ணன்ட்டகூடச் சொல்ல மாட்டேன். தெறங்க."

யோகராஜ் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான்.

சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போன் கம்பளத்தில் கிடந்தது. லேப்டாப்பில் பதிவு நின்று போயிருந்தது. ஸ்பீக்கர்களில் ஒன்றும் ஓடவில்லை. கதவின் உள்பக்கத்தில், அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலு எட்டில், மூன்று மூன்றாகத் தட்டுவது கேட்டது. அங்கே யாரும் இல்லை.

"மாப்ளே?" வெளியே இருந்து. "கேட்டுருச்சா?"

யோகராஜ் கதவைப் பார்த்துச் சொன்னான்: "கட்டப்பனையில பாத்தேன்னு சொன்னீங்க."

வெளியே ஜக்கையன் சாய்ந்ததில் கதவுப் பலகை முனகியது.

"தாடி விட்டுருக்கான்னு சொன்னீங்க. எங்காத்தாளுக்குச் சேல குடுத்துவிட்டான்னு..."

"ஒங்காத்தா கேட்டுக்கிட்டே இருந்துச்சு மாப்ளே. வாரப்பல்லாம் கேட்டுச்சு. என்னத்தச் சொல்றது?" ஜக்கையன் எரிச்சலாகச் சொன்னான், ஏதோ யோகராஜ்தான் நியாயமில்லாமல் பேசுவது போல. "கொஞ்ச நேரம் கெடக்கட்டும், பயந்துருவான், அப்புறம் தெறந்துவிட்டு வாய மூடிக்கடான்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். லோடு எடுக்க ஜீப்பு வந்துருச்சு. கூட வாடான்னு இழுத்துட்டுப் போயிட்டானுக. மழையில மல மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. நான் திரும்பி வாரதுக்குள்ள..."

"எங்க வச்சீங்க?"

"மாப்ளே, அத விடுங்க."

"எங்கடா வச்ச?"

தட்டு நின்றது. அதுவும் பதிலுக்குக் காத்திருந்தது.

"வெளியவே எடுக்கல," என்றான் ஜக்கையன். "தரையத் தோண்டித்தான். நீங்க ஒக்காந்துருக்கீங்கள்ல, அதுக்குப் பக்கத்துல."

யோகராஜ் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தான். முதுகு குழாயில் பட்டது. சுட்டது. சட்டை தோலோடு ஒட்டிப் பிரிந்தது. அலறியபடி எழுந்தான்.

"நிறுத்துடா! அடுப்ப நிறுத்து!"

"நான் ஒண்ணும் பத்த வைக்கல மாப்ளே." ஜக்கையனின் குரல் முதல் தடவையாக நடுங்கியது. "அடுப்பே இல்லையே. அடச்சுப் பூசியாச்சே. இது சாயந்தரமான்னா தானா வரும். அந்தச் சத்தம் நின்னாத்தான் அடங்கும்னு நெனைக்கிறேன். வெரசா முடிங்க. போயிருச்சுன்னு சொல்லுங்க, கதவத் தெறந்துர்றேன். நம்ம வீட்டுக்குப் போயிரலாம். ஆத்தாகிட்ட நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம், நானும் சொல்லல. ரேணுகாவ நெனச்சுப் பாருங்க."

"தெற."

"சத்தம் போகட்டும்."

"தெறடா!"

"போகட்டும் மாப்ளே."

போனை எடுத்தான். டவர் இல்லை. கல் சுவர். கதவில் தோளால் மோதினான். இடுப்பு நரம்பு பிடித்துக்கொண்டது, கால் மடங்கியது. விழுந்த இடத்தில், கதவுக்குக் கீழே, விரல் நுழையாத இடுக்கில் கொஞ்சம் காற்று வந்தது. மூக்கை அங்கே வைத்தான். குளிர்ந்த மஞ்சு. ஒரு மூச்சு. அவன் காதுக்குப் பக்கத்திலேயே, அதே இடுக்கில், இன்னொரு மூச்சு இழுத்தது.

"அண்ணே."

நகரவில்லை. நகர முடியவில்லை.

"அண்ணே, நீயாண்ணே? தெறண்ணே."

கண்ணைத் திறந்து பக்கவாட்டில் பார்த்தால் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. இவ்வளவு நாளும் திட்டியிருக்கிறான். ஒரு நாள் கட்டப்பனைக்குப் பஸ்சு ஏறித் தேடியதில்லை. மச்சான் சொன்னதை நம்புவது சுலபமாக இருந்தது. முன்கையில் தோல் இழுத்தது. கண்ணிமை காய்ந்தது. உயிர் மட்டும் வேண்டும் என்றது உடம்பு. வேறு ஒன்றும் கேட்கவில்லை அது.

முழங்காலில் ஊர்ந்து லேப்டாப்புக்குப் போனான்.

பிரித்து வைத்த சத்தம் திரையில் இருந்தது. தட்டு. குரல். தட்டு. தலைகீழாகத் திருப்பினான். மேடு பள்ளமானது, பள்ளம் மேடானது. விரலில் வழிந்த வியர்வை சாவிகளில் சொட்டியது. பின்னால் கதவில் தட்டு வேகமானது. ஆளைப் பார்த்துவிட்டவன் தட்டுகிற தட்டு. அண்ணே, அண்ணே. ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்த, ஃபில்டர் ஓடும் சின்னப் பெட்டியில் அதை ஏற்றினான். இது ஓடிக்கொண்டே இருக்கும். கரண்டு இருக்கும்வரை, பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

விரல் சாவியின் மேல் நின்றது.

"அண்ணே, என்னண்ணே பண்ற?"

அமுக்கினான்.

அண்ணே பாதியில் நின்றது. தட்டும் நின்றது. காது அடைத்த மாதிரி ஒரு வெறுமை. இவ்வளவு சுத்தமாக அவன் எந்த அறையையும் செய்ததில்லை.

"போயிருச்சு," என்றான். மறுபடி கத்தினான். "போயிருச்சு மச்சான்!"

வெளியே ஜக்கையன் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். பிறகு கொண்டி தூக்கப்படும் சத்தம். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. மஞ்சு கால் வழியாக உள்ளே புகுந்து கம்பளத்தில் பரவியது. யோகராஜ் அதில் தவழ்ந்து, நிலையைத் தாண்டி, ஈரச் சருகில் முகம் பதிய விழுந்தான். ஜக்கையன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். அந்தக் கையைத் தட்டிவிட அவனுக்குத் தெம்பு இல்லை.

ஜக்கையன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு தட்டு தட்டினான். காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டான்.

"நல்ல வேலக்காரன் மாப்ள நீங்க," என்றபடி கதவைச் சாத்த இழுத்தான். இழுத்தவன் அப்படியே நின்றான்.

கதவின் உள்பக்கம் அவர்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. புது வார்னிஷ் மேலிருந்து கீழ்வரை கொப்பளித்திருந்தது. ஆள் உயரத்தில் உள்ளங்கை அளவுக் கொப்புளங்கள், ஐந்து விரலும் தெரிய, ஒன்றன் மேல் ஒன்றாக. அதற்குக் கீழே மார்பு உயரத்தில். அதற்கும் கீழே முழங்கால் உயரத்தில். நிலையை ஒட்டிய அடிப்பலகையில் விரல்கள் மட்டும், கீறியது போல.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு புது இடத்தில் பலகை வியர்த்தது. உள்ளங்கை முதலில் எழும்பியது. பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. பிறகு பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. மூன்று. ஒரு இடைவெளி. மறுபடியும் மூன்று.

சத்தமே இல்லை.

நாளைக்கும் விருந்தாளிகளுக்கு நடுவே இது இப்படித் தட்டும். யாருக்கும் கேட்காது. அவன் கழித்தது சத்தத்தை மட்டும்தான்.

ஜக்கையன் கதவை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். கீழே மஞ்சுக்குள் ஜீப்பு உறுமி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனது. யோகராஜ் எழுந்திருக்கவில்லை. போடியில் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் சட்டைகளை நினைத்தான். ஆத்தாளிடம் போய் எதைச் சொல்வது என்று நினைத்தான். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கதவில் கைகள் எழும்பிக்கொண்டே இருந்தன.

அண்ணன் தன் தம்பிக்கு வைக்க வேண்டிய கொள்ளி இன்னும் பாக்கி இருக்கிறது.